யூகேஜி பையனுக்குச் சமச்சீர் சொல்லித்தருவது எப்படி? பட்டாம்பூச்சியிடம் தோற்றுவிட்டேன்

ரயிலடி அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஐந்தரை வயது, யூகேஜி. போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்துவிட்டிருந்தார்கள். பாதிப் பட்டாம்பூச்சி, பாதிப் பானை, பாதி இதயம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. மறுபாதியை இவன் வரைய வேண்டும். கீழே 'லைன் ஆஃப் சிமெட்ரி' (அதாவது சமச்சீர்க் கோடு) என்று நான்கு தடவை எழுதிப் பழக வேறு இடம் விட்டிருந்தார்கள், அந்த வயதில் அந்த ஸ்பெல்லிங் யாருக்கு வேண்டும் என்று தெரியவில்லை, சரி, அதை விடுங்கள்.

பையன் இடப்பக்கம் இருந்த இறக்கையைப் பார்த்து அப்படியே வலப்பக்கமும் போட்டுவிட்டான். இரண்டு இறக்கையும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பானைக்கு ஒரு பக்கம் தொப்பை, மறுபக்கம் ஒட்டிய வயிறு. "திருப்பிப் போடுடா" என்றேன், பேப்பரையே தலைகீழாகத் திருப்பிவிட்டான். மூன்றாவது தடவை நான் குரலை உயர்த்த, அவன் அழ, வீட்டம்மா வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துப் போய்விட்டாள்.

இதில் எனக்கு இன்னொரு கவலை இருக்கிறது. இவன் 3, 7 இரண்டையும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றித்தான் எழுதுகிறான். ஆபீசில் ஒருவர் "அது டிஸ்லெக்சியாவாக இருக்கும், உடனே காட்டுங்கள்" என்று வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். எண்ணைத் திருப்பி எழுதத் தெரிகிறவனுக்கு இறக்கையைத் திருப்பி வரையத் தெரியவில்லை, இது என்ன கணக்கு?

தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று சமச்சீர் என்று தேடினால் பத்தாம் வகுப்புவரை சமச்சீர் கல்விப் பாடநூல்தான் வரிசையாக வந்து நிற்கிறது. வீட்டில் இருப்பதை வைத்து எப்படித் தொடங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அழவைக்காத வழியாக இருக்க வேண்டும்.

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

ஐயா, முதலில் அந்த 3, 7 விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதிலேயே உங்கள் பட்டாம்பூச்சிக்கும் பதில் இருக்கிறது.

பிறந்ததிலிருந்து உங்கள் பையன் பார்த்த பொருள் எல்லாமே எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பொருள்தான். டம்ளர் இடப்பக்கம் சாய்ந்தாலும் டம்ளர், வலப்பக்கம் சாய்ந்தாலும் டம்ளர். பூனை அந்தப் பக்கம் ஓடினாலும் பூனை. இடது வலது வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் இதுவரை அவனுக்கு உதவியது. எழுத்தும் எண்ணும் வந்த பிறகுதான் முதல்முறையாக யாரோ ஒருவர் "இந்தப் பக்கம் திரும்பினால் சரி, அந்தப் பக்கம் திரும்பினால் தப்பு" என்கிறார். அது பதிய நாளாகும். இடப்பக்கம் பார்க்கும் எண்களைத்தான் பிள்ளைகள் அதிகம் திருப்புவார்கள், 3, 7, 9 போன்றவை. 6ஐ அவ்வளவாகத் திருப்பமாட்டார்கள், வேண்டுமானால் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஏழு வயதுவரை இது சாதாரணமாக நடப்பது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், கூடவே வாசிப்பதிலும் ஒலிகளைப் பிரித்துச் சொல்வதிலும் தடுமாற்றம் இருந்தால், அப்போது காட்டலாம். இப்போது ஆபீஸ் நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இறக்கை விஷயமும் இதே கதைதான். அவனுக்கு இரண்டு இறக்கையும் 'ஒரே மாதிரி' என்று தெரிந்திருக்கிறது, போட்டும்விட்டான். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒரு விஷயம் என்றே அவனுக்கு இன்னும் தோன்றவில்லை. தெரியாததால் இல்லை, கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால்.

மறுபாதி வரைவது கடைசியில் வர வேண்டிய வேலை. நம் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் பேப்பரில் அச்சடிக்க வசதி. நான் தொடக்கப் பள்ளியில் பதினேழு வருடமாக இருக்கிறேன், 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பொருளை வைத்துச் செய்து காட்டுவது எங்கள் வகுப்பில் கூடியிருக்கிறது, ஆனாலும் இந்தப் பாதிப் பட்டாம்பூச்சி எங்கிருந்தாவது பறந்து வந்துவிடும்.

என் வகுப்பில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பேன். ஒரு பக்கம் ஒரு பிள்ளை, எதிர்ப்பக்கம் இன்னொரு பிள்ளை, ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. ஒருத்தி கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டை வைத்தால் மற்றவள் அந்தப் பக்கம் அதே இடத்தில் வைக்க வேண்டும். 'அதே இடம்' என்றால் எது என்பதில்தான் சண்டை வரும், அந்தச் சண்டைதான் பாடம். "அவள் கோட்டை ஒட்டி வைத்தாள், நீ தள்ளி வைத்திருக்கிறாய்", "அவளுடையது கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கு டீச்சர்". கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்றால் சமச்சீர் வந்துவிட்டது, பெயர் இரண்டாம் வகுப்பில்கூடத் தெரிந்துகொள்ளட்டும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லாக் கொட்டைகளையும் எண்ணச் சொல்வேன். எப்போதும் இரட்டைப்படைதான் வரும். ஒருநாள் ஒரு பையன் குறும்புக்குக் கோட்டின் மேலேயே ஒன்றை வைத்தான், எதிரில் இருந்தவனுக்கு அதற்கு ஜோடி வைக்க இடம் இல்லை. எண்ணினால் ஒற்றைப்படை. "கோட்டுல உட்கார்ந்தவனுக்கு ஜோடி கிடையாது டீச்சர்" என்றான். ஒத்தையா ரெட்டையா விளையாடிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துவிடுகிறது.

கண்ணாடி வேண்டும் என்றால் பழைய சிடி போதும், உடைந்து கையைக் கிழிக்காது. படத்தின் நடுவில் செங்குத்தாக நிறுத்தினால் முழுப் படம் தெரியும். கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கணக்குப்புலி இல்லை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். ஐந்து வயதில் இது எதற்கு? இருபதுவரை தடுமாறாமல் எண்ணட்டும், அஞ்சும் மூணும் எவ்வளவு என்று விரலை மடக்கியாவது சொல்லட்டும். எங்கள் காலத்தில் சமச்சீர் என்ற வார்த்தையே ஆறாம் வகுப்புக்கு மேல்தான் கேள்விப்பட்டோம், பிழைத்துத்தானே வந்திருக்கிறோம். பெற்றோர் எதற்கெடுத்தாலும் பயந்து மூன்று வயதிலேயே அபாகஸ், நான்கு வயதில் வேத கணிதம் என்று பணம் கட்டுகிறார்கள், இதுவும் அந்த வரிசையில் சேரப்போகிறது.

தென்மராட்சிக்காரி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு 'இருபுடைச் சமச்சீர்' என்று பெயர், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், இரண்டு புடை, இரண்டு பக்கம் என்று சொல்லிலேயே விளக்கம் கிடக்கிறது. ஆனால் அது பெரிய வகுப்புக்குரிய சொல், முன்பள்ளியில் நாங்கள் அதைச் சொல்வதில்லை.

மேலே எழுதிய அண்ணாவுக்கு ஒன்று. நாங்கள் இதை ஒரு பாடமாக வைப்பதில்லை, பிள்ளைகளோடு முற்றத்துக்குப் போய் இலை பொறுக்குகிறோம், அவ்வளவுதான். பூவரசம் இலையை நடு நரம்போடு மடித்தால் ஓரம் ஓரத்தோடு பொருந்தும். வேப்பமிலை ஒன்றை மடித்துப் பாருங்கள், பொருந்தாது! அடியில் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம், இலையே வாள் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கும். எத்தனை வருடம் வேப்பமரத்துக்குக் கீழே இருந்திருப்போம், ஒரு பிள்ளை மடித்துக் காட்டும்வரை நான் கவனித்ததில்லை. 'பொருந்துகிறது, பொருந்தவில்லை' என்று இரண்டு குவியலாகப் போடச் சொல்லுங்கள். பொருந்தாத குவியல் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் உலகத்தில் எல்லாமே சமச்சீர் என்று பிள்ளை நினைத்துவிடும்.

அப்புறம் பூக்கள். சங்குப்பூவை மேலிருந்து கீழாக ஒரேயொரு விதமாகத்தான் பாதியாக்கலாம். செவ்வரத்தை (உங்கள் பக்கம் செம்பருத்தி) வேறு மாதிரி. ஐந்து இதழும் ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கண்ணாடியை எங்கே வைத்தாலும் சரிவராது, ஆனால் காம்பைப் பிடித்துக் கொஞ்சம் சுழற்றினால் முன்பிருந்த மாதிரியே வந்து நிற்கும். ஒற்றை அடுக்கு நந்தியாவட்டையும் அப்படித்தான், அசல் ஓலைக் காற்றாடி. பிள்ளைகளுக்கு மடிப்பதைவிடச் சுழற்றுவதுதான் விருப்பம், கடதாசியில் காற்றாடி செய்து குண்டூசி குத்திக் கொடுத்தால் அன்று முழுக்க வேறு விளையாட்டு இல்லை.

சுழிக்கோலம் எழுதியவர்:

எனக்கு அறுபத்திரண்டு வயது, கணக்கு எல்லாம் எட்டாம் வகுப்போடு சரி. பேத்தி ஆறு வயதில் என்னோடு வாசலில் உட்கார்ந்து கோலம் போடப் பழகினாள், அதைச் சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோடே போட விடவில்லை, புள்ளி மட்டும். ஏழு புள்ளி நேர்ப்புள்ளி, ஒன்று வரை. நடுவில் ஏழு வைத்து மேலே 5, 3, 1, கீழேயும் 5, 3, 1. மேல்பாதியை அவள் வைத்து முடித்ததும், "கீழே எத்தனை வைக்கணும்?" என்று கேட்டால் எண்ணாமலே சொன்னாள். மொத்தம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து 25 என்றாள். அடுத்த நாள் இடைப்புள்ளி, ஏழில் தொடங்கி நாலு வரை, இதில் ஒரு வரிசைக்கு ஒன்றுதான் குறையும், புள்ளி இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும். மொத்தம் 37. "அதுவும் ஏழு இதுவும் ஏழு, இதுக்கு மட்டும் ஏன் பாட்டி அதிகம்?" என்று கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல, "நீயே பார்" என்றேன். நேர்ப்புள்ளி ஓரத்தில் இரண்டிரண்டாகக் குறைகிறது, இது ஒவ்வொன்றாகக் குறைகிறது என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

கோடு போடும்போது ஒன்று கவனித்தேன். நாம் யாரும் ஒரு பாதி போட்டுவிட்டு மறுபாதி போடுவதில்லை. ஒரு பக்கம் ஒரு இதழ், உடனே எதிர்ப்பக்கம் அதே இதழ், பிறகு மற்ற இரண்டு பக்கம். நடந்து நடந்துதான் போடுகிறோம், கோலம் அங்கேயே இருக்கும், நம் உடம்புதான் திரும்பும். குழந்தையை ஒரே இடத்தில் உட்காரவைத்து எதிர்ப்பக்க இதழைப் போடு என்றால் தலைகீழாக யோசிக்க வேண்டும், கஷ்டம். எழுந்து சுற்றிப் போய் உட்கார்ந்தால் எல்லாப் பக்கமும் முதல் பக்கம் மாதிரிதான். தம்பி, உங்கள் பையனை மேசையைச் சுற்றி நடந்து வரையச் சொல்லுங்களேன். பையன் கோலம் போடுவதா என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

சிக்குக் கோலத்தில் தப்புக் கண்டுபிடிக்க ஆள் வேண்டாம். ஒரு வளைவு மாறிப்போனால் எங்கேயாவது ஒரு புள்ளி தனியாக நின்று முழிக்கும், அல்லது கோடு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது. திட்டத் தேவையே இல்லை, கோலமே சொல்லிவிடும்.

காகிதக்காரன் எழுதியது:

அம்மா, எட்டாம் வகுப்போடு சரி என்று அடக்கமாகச் சொல்லாதீர்கள். நீங்கள் வாசலில் செய்வதை 1970களில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் கணினி அறிவியல் ஆய்வாகவே செய்தார்கள். ஒரு கோலத்தை எந்தெந்த விதிகளால் வளர்த்துக்கொண்டு போகலாம் என்று மொழிக்கு இலக்கணம் எழுதுவது போலக் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள்.

'கணக்குப்புலி இல்லை' சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம், பணம் கட்டும் பாதி. மற்றப் பாதிக்கு வருகிறேன். ஜெர்மனியில் 1837இல் ஃப்ரோபெல் குழந்தைகளுக்கென்று தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு கிண்டர்கார்டன் ஆனது. அவர் கொடுத்த விளையாட்டுச் சாமான்களில் ஒன்று, எட்டுச் சின்னக் கனசதுரமாகப் பிரியும் ஒரு மரக்கட்டை. அதை வைத்து நாற்காலி, வீடு செய்வது ஒன்று, பாதி, கால் என்று பிரித்து எண்ணுவது ஒன்று, ஒரு பக்கம் நகர்த்தியதை எதிர்ப்பக்கமும் நகர்த்திப் பூ மாதிரி அழகழகாக அடுக்குவது இன்னொன்று. மூன்றும் ஒரே கட்டைதான். அதாவது எண்ணட்டும், பிறகு சமச்சீர் என்று இரண்டு வரிசை கிடையாது, டீச்சரின் புளியங்கொட்டையில் நடந்ததும் அதுதானே.

அந்தக் கிண்டர்கார்டன் சாமான்களில் காகித மடிப்பும் உண்டு. அதிலிருந்து யோசனை பிடித்து நம் ஊர் சுந்தர ராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவியல் செய்வது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார், 1893இல் சென்னையில் அச்சானது. ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற பெரிய ஜெர்மன் கணித மேதை அதைக் குறிப்பிட்டு எழுதியதில் பிரபலமாகி 1901இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. குழந்தைகளின் மடிப்பு விளையாட்டிலிருந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒரு சதுரக் கைக்குட்டை, ஒரு ஏ4 தாள். கைக்குட்டையை நான்கு விதமாகப் பாதியாக்கலாம், நேராக இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு. ஏ4 தாளை மூலைக்கு மூலை மடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதியும் அச்சு அசல் ஒரே முக்கோணம்தான், ஆனால் மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது, காது நீட்டிக்கொண்டு நிற்கும். நான் பொறியியல் படித்தவன், என் மகளோடு மடித்துப் பார்த்த நாள்வரை செவ்வகத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சமமான இரண்டு துண்டு என்பது வேறு, ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது வேறு, இது ஒர்க்‌ஷீட்டில் புரியாது, கையில்தான் புரியும்.

இன்னொன்று, அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து இது என்ன என்று கேளுங்கள். நேராக இருக்கும்போது சதுரம் என்றவனே சாய்ந்ததும் 'டைமண்ட்' என்பான். திருத்த வேண்டாம், மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள்.

ரயிலடி அப்பா எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், எல்லாமே வெற்றி இல்லை.

கோலம் படுதோல்வி. மாவைக் கையில் எடுத்தவன் புள்ளி வைப்பதை விட்டுவிட்டு ஊத ஆரம்பித்துவிட்டான், நடு ஹால் முழுக்க மாவு. இலை பொறுக்கியது நன்றாகப் போனது, வேப்பிலை உண்மையிலேயே பொருந்தவில்லை, என் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இத்தனை நாளா இதைப் பார்க்காம இருந்திருக்கேனே" என்றார்.

புளியங்கொட்டையை இவன் தொடவே இல்லை. "கார் வெச்சு ஆடலாம்ப்பா" என்றான். சரி என்று தரையில் கோடு போட்டு, நான் ஒரு காரைக் கோட்டைப் பார்த்து நிறுத்தினேன். இவன் எதிர்ப்பக்கம் தன் காரையும் நான் வைத்த திசையிலேயே வைத்தான், அதே பட்டாம்பூச்சிக் கதை. சிடியைக் கோட்டில் நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் காரைத் திருப்பி வைத்துவிட்டு, "அப்பா, கண்ணாடிக்குள்ள இருக்கிறது முட்டுற கார். நான் வெச்சது துரத்துற கார்" என்றான்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் முட்டுறதா துரத்துறதா என்றுதான் பேச்சு. செருப்பு ஜோடி முட்டுறது. ஜன்னல் கம்பி துரத்துறது. மாமாவின் சட்டை முட்டுறதுதான், ஆனால் பாக்கெட் ஒரு பக்கம்தான் இருக்கிறது, அதனால் 'கெட்டுப்போன முட்டுறது'. பழைய ஒர்க்‌ஷீட்டை வீட்டம்மா எடுத்துக் கொடுத்ததும், "நான் பட்டாம்பூச்சிய துரத்துற மாதிரி போட்டுட்டேன்" என்று அவனே சிரித்தான். புதிதாக ஒன்று போட்டான், இறக்கை ஒன்று பெரிசு ஒன்று சின்னது, ஆனால் முட்டுகின்றன.

3 இன்னும் திரும்பித்தான் இருக்கிறது. அதில் ஒரு சந்தேகம் டீச்சர். நேற்று சிக்னலில் எங்கள் எதிரே ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது, முன்னால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருக்குமே, அதைப் பார்த்துவிட்டு, "அந்த அங்கிளும் என்ன மாதிரியே திருப்பி எழுதிட்டாரு, அவருக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டான். விளக்கிப் பார்த்தேன், புரியவில்லை. இவனை எப்படிச் சமாளிப்பது?

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

முட்டுறது, துரத்துறது இரண்டையும் திங்கட்கிழமையே என் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், பையனிடம் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள்.

ஆம்புலன்சுக்கு விளக்கம் வேண்டாம் ஐயா. ஒரு தாளில் அவனையே அவன் வழக்கப்படி 3 எழுதச் சொல்லிப் பின்னால் யாரையாவது பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, பைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு.